உறுமிக்கு நடுவே ஊமையாகும் ஆம்ப்ளிஃபயர்

பின்பெட்டியில் சப்வூஃபர் பொருத்திய கார்களில் ஒரு கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். பாடுகிறவரின் குரலுக்கும் நாதஸ்வரத்துக்கும் ஒரு குறையும் இராது. உறுமி ஏறி, அதனுடன் பாஸ் சேர்ந்து இடிக்கிற இடத்தில் ஆம்ப்ளிஃபயர் சட்டென்று நின்றுவிடும். அதன் ஓரத்தில் எரிந்த பச்சை விளக்கு சிவப்பாகும். ஓரிரு வினாடி கழித்துத் தானாகவே உயிர் பெறும். அடுத்த இடிக்கு மறுபடியும் நிற்கும். ஒலியைக் குறைத்தால் ஒழுங்காக ஓடும், கூட்டினால் நிற்கும்.

கார் வைத்திருப்பவர் உடனே எடுக்கும் முடிவு, ஆம்ப் கெட்டுவிட்டது என்பது. பெரும்பாலும் அது கெடவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அது நிற்கிறது. உள்ளே வரும் மின்சாரம், வெளியே இணைத்திருக்கும் சுமை, தன் உடம்பின் வெப்பம் ஆகிய மூன்றையும் அதன் காப்புச் சுற்று ஓயாமல் கவனிக்கிறது. ஏதாவது ஒன்று எல்லை மீறினால் வாயை மூடிக்கொள்கிறது. ஆக, சிவப்பு விளக்கு எரிந்தால் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மூன்றில் எது எல்லை மீறியது என்பதுதான்.

இந்தக் கேள்வியைப் பினாங்கிலிருந்து கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. கார்களில் ஒலிக்கும் கருவிகளுக்கும் இந்தத் தீவுக்கும் அரை நூற்றாண்டு உறவு. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வலயம் தொடங்கிய காலத்தில் முதலில் வந்திறங்கிய எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்கள்' என்று இங்கே இன்றும் சொல்வார்கள். இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரானிக்ஸ், போஷ், கிளாரியன் ஆகியவை அந்த எட்டு. இவற்றுள் ஜப்பானின் கிளாரியனுக்குக் கார் ஒலிக்கருவிதான் தொழில். போஷ் ஆலையிலும் கார் ரேடியோக்கள் உருவாயின. அந்த ஆலைகளின் உற்பத்தி வரிசைகளில் தமிழ்ப் பெண்களும் நின்று வேலை செய்தார்கள். டிரான்சிஸ்டர், சாலிடர், சர்க்யூட் போர்டு என்ற சொற்கள் புழங்கும் வீடுகள் நிறைந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், மல்டிமீட்டரைத் தொடாமலே நல்ல ஆம்ப்பைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்குவது வருத்தமான செலவு.

பாஸ் வரும்போது மட்டும் ஏன் இந்தத் தொல்லை? காரணம் நம் காதிலிருந்தே தொடங்குகிறது. 1933-இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும், வெவ்வேறு சுருதியுள்ள ஒலிகள் காதுக்கு ஒரே அளவு உரக்கக் கேட்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வலிமை தேவை என்று அளந்தார்கள். தாழ்ந்த சுருதிகளுக்கு மனிதக் காது மிகவும் மந்தமானது. 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபெல்லில் கேட்கிற அளவுக்கு 50 ஹெர்ட்ஸ் ஒலியும் கேட்க வேண்டுமானால் அது 75 டெசிபெல்லையும் தாண்ட வேண்டும். 10 டெசிபெல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. 30 கூடினால் ஆயிரம் மடங்கு. உரக்க வைத்துக் கேட்கும்போது இந்த வித்தியாசம் சுருங்கும், ஆனால் மறைந்துவிடாது. போதாததற்கு, சுருதி பாதியாகக் குறைந்தால் அதே வலிமையில் ஒலி எழுப்ப ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். மின்சாரத்தின் பெரும்பங்கை பாஸ்தான் தின்கிறது. குரல் ஒலிக்கும்போது ஆம்ப் ஓய்வெடுக்கிறது என்றே சொல்லலாம்.

இனி அந்த மின்சாரம் வரும் வழி. 1000 வாட் தரும் 'டி' வகை ஆம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் திறன் 80 விழுக்காடு என்றால், உள்ளே 1250 வாட் போக வேண்டும். வீட்டில் 240 வோல்ட்டில் இதற்கு ஐந்து ஆம்பியர் போதும். காரில் இருப்பதோ 13 வோல்ட் சொச்சம். எனவே 96 ஆம்பியர் வேண்டும். கார் ஒலியமைப்பின் துன்பங்களில் பெரும்பகுதி இந்த ஒரு வகுத்தல் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. வோல்ட் குறைவு; ஆகவே ஆம்பியர் பெருகுகிறது; ஆம்பியர் பெருகினால் வழியில் இருக்கும் சின்னஞ்சிறு தடையும் பெரிதாகிவிடுகிறது.

எவ்வளவு பெரிதாகிறது என்று பார்க்கலாம். போனட்டுக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்து பின்பெட்டி வரை ஏறக்குறைய ஐந்து மீட்டர் ஒயர் ஓடுகிறது. நான்காம் கேஜ் சுத்தச் செம்பு ஒயராக இருந்தால் அதன் மொத்தத் தடை நான்கு மில்லி ஓம். 100 ஆம்பியர் பாயும்போது வழியில் 0.4 வோல்ட் போய்விடும். இது பரவாயில்லை. எட்டாம் கேஜ் என்றால் இழப்பு ஒரு வோல்ட்டைத் தாண்டும். அதே தடிமனில், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு ஒயராக இருந்தால் ஒன்றரை வோல்ட்டுக்கும் மேல் போகும். மேலே போர்த்திய பிளாஸ்டிக் உறை தடிமனாக இருப்பதால் கண்ணுக்கு அது பெரிய ஒயராகவே தெரியும். வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே உள்ள இழைகள் சிவப்பா வெள்ளையா என்பது புலப்படும். இழையின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது அலுமினியம்.

சிவப்பு ஒயருக்குச் செலவு செய்பவர்கள் பலர் கறுப்பு ஒயரைக் கண்டுகொள்வதில்லை. போன மின்சாரம் திரும்பி வந்தாக வேண்டும். காரின் இரும்பு உடலே அந்தத் திரும்பும் பாதை. கிரவுண்டு ஒயரைப் பெயிண்ட்டின் மேலேயே வைத்து ஆணி முறுக்கியிருப்பார்கள். சீட் பெல்ட் ஆணியிலோ, உடம்போடு சரியாக ஒட்டாத ஏதோ ஒரு தகட்டிலோ மாட்டியிருப்பார்கள். அந்த இணைப்பில் 20 மில்லி ஓம் தடை இருந்தாலே 100 ஆம்பியருக்கு இரண்டு வோல்ட் காணாமல் போகும். பினாங்கின் காற்று இதற்கு மேலும் உதவி செய்கிறது. உப்பும் ஈரமும் கலந்த கடற்காற்றில், செம்புக் கொக்கியும் இரும்புத் தகடும் ஒன்றையொன்று தொடும் இடம் சீக்கிரம் அரிக்கும். பொருத்திய நாளில் ஒழுங்காக இருந்த கிரவுண்டு இரண்டு மழைக்காலம் கழித்துக் கெட்டிருக்கலாம். 'போன வருஷம் நல்லாத்தானே ஓடிச்சு' என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெயிண்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி முறுக்கி, அதன் மேல் கிரீஸோ பெயிண்ட்டோ பூசினால் ஈரம் உள்ளே போகாது. அரை மணி நேர வேலை இது. பணம் செலவில்லாத இந்த வேலையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முதலில் செய்யச் சொல்வேன்.

மூன்றாவது, மின்சாரம் பிறக்கும் இடம். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை தரும். நின்றுவிட்டால் பேட்டரியின் 12.6 வோல்ட்தான். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் 100 ஆம்பியருக்குக் குறைவாகத் தருவதே வழக்கம். அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது. சும்மா நின்று உறுமும்போது கிடைப்பது அதில் பாதி அளவுதான். மாலை ஆறரைக்கு, மழையில், துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலையில் நெரிசலில் நிற்கும் காரை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது. ஏர்கான் விசிறி, ரேடியேட்டர் விசிறி, வைப்பர், முன்விளக்கு எல்லாம் ஓடுகின்றன. ஆல்டர்னேட்டர் தருவது இவற்றுக்கே சரியாகப் போய்விடுகிறது. ஆம்ப் கேட்பதை பேட்டரி தன் கையிருப்பிலிருந்து கொடுக்க வேண்டும். நம் வெப்பத்தில் கார் பேட்டரிகள் சீக்கிரம் மூப்படைகின்றன. மூப்படைந்த பேட்டரியின் உட்தடை கூடியிருக்கும். ஆகவே நெடுஞ்சாலையில் ஒழுங்காகப் பாடிய ஆம்ப், நெரிசலில் நின்று நின்று பாடுகிறது.

பல ஆம்ப்களில் உள்ளே வரும் மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கு அருகே இறங்கினால் காப்புச் சுற்று விழித்துக்கொள்ளும். 12.6-இல் தொடங்கி, ஒயரில் ஒன்று, கிரவுண்டில் ஒன்று, மூத்த பேட்டரியில் ஒன்று என இழந்தால் கணக்கு அங்கேதான் போய் நிற்கும். உள்ளே சீராக்கி வைத்த ஆம்ப்களில் நிலைமை இன்னும் மோசம்: வோல்ட் குறையக் குறைய, அதே வாட்டைத் தருவதற்காக அது இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். 13 வோல்ட்டில் 96 ஆம்பியர் கேட்டது, 11 வோல்ட்டில் 114 கேட்கும். அதனால் வழியில் இழப்பும் கூடும். ஆம்ப் நின்றவுடன் சுமை போய்விடுகிறது. வோல்ட் மேலே ஏறுகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அது மறுபடி எழுகிறது. அடுத்த இடியில் மறுபடி விழுகிறது. விட்டு விட்டுப் பாடுவதன் கதை இதுதான்.

இந்த இடத்தில் பலருக்கும் சொல்லப்படும் மருந்து, ஒரு ஃபாரட் கப்பாசிட்டர். நீல விளக்கும் எண் காட்டும் திரையுமாக அழகாக இருக்கும். அது என்ன தரும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு ஃபாரட் கப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது வெளியிடும் ஆற்றல் 26 ஜூல். 1250 வாட் கேட்கும் ஆம்ப்புக்கு அது ஐம்பதில் ஒரு வினாடிக்குத்தான் வரும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரே ஓர் அலை அவ்வளவு நேரம் நீடிக்கும். உறுமியின் ஓர் இழுப்புக்குக்கூட அது போதாது. பிறகு அந்தக் கப்பாசிட்டரை நிரப்பவும் அதே களைத்த ஆல்டர்னேட்டரே உழைக்க வேண்டும். அந்தப் பணத்துக்கு நல்ல செம்பு ஒயரோ புதிய பேட்டரியோ வாங்குவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

மின்சாரம் சரி என்றால், அடுத்து சுமை. ஸ்பீக்கர் பெட்டியின் மேல் நான்கு ஓம், இரண்டு ஓம் என்று போட்டிருப்பார்கள். இந்த எண் குறையக் குறைய ஆம்ப்பிலிருந்து அதிக மின்னோட்டம் பாயும். இன்றைய சப்வூஃபர்கள் பலவற்றில் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நான்கு ஓம் என்றால், தொடராக இணைத்தால் எட்டு, பக்க இணைப்பில் இரண்டு. இப்படிப்பட்ட இரண்டு சப்வூஃபர்களின் நான்கு சுருள்களையும் பக்க இணைப்பாகப் போட்டால் ஒரே ஓம். இரண்டு ஓமுக்கு மேல் மட்டுமே தாங்கும் என்று கையேட்டில் எழுதியிருக்கும் ஆம்ப்புக்கு இது இரு மடங்கு பாரம். மெதுவாகப் பாடும்போது சமாளிக்கும். உரக்கப் பாடச் சொன்னால் நிற்கும். பிரிட்ஜ் முறையில் இரண்டு சேனல்களைச் சேர்த்து இணைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது: அப்போது ஒவ்வொரு சேனலும் சுமையில் பாதியைத்தான் காணும். நான்கு ஓம் சப்வூஃபர் அதன் கண்ணுக்கு இரண்டு ஓம்.

ஒரு குறிப்பிட்ட பாட்டில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஆம்ப் நிற்கிறதே என்று குழம்புகிறவர்களுக்கு இதில் ஒரு விடை உண்டு. ஸ்பீக்கரின் ஓம் நிலையான எண் கிடையாது. சுருதிக்கேற்ப அது மேலும் கீழும் போகும். துளை வைத்த சப்வூஃபர் பெட்டியில், அந்தத் துளை ஒத்திசையும் சுருதிக்கு இரு பக்கமும் அது பல மடங்கு உயரும். சரியாக அந்தச் சுருதியில் அடிமட்டத்துக்கு இறங்கும். பல பெட்டிகளில் இது 35 முதல் 40 ஹெர்ட்ஸுக்குள் அமையும். 2006-இல் யோகி பி குழுவினரின் 'வல்லவன்' வந்த பிறகு மலேசியத் தமிழ் ராப் பாடல்களைக் கார்களில் அதிர அதிரக் கேட்கும் தலைமுறை ஒன்று வளர்ந்திருக்கிறது. ராப்பின் செயற்கை பாஸ் ஒரே சுருதியில் நீண்டு நிற்கும். அது அந்தப் பள்ளத்தில் போய் விழுந்தால் ஆம்ப் தவிக்கும். உறுமியின் சுருதி வழுக்கி வழுக்கிப் போகும். பள்ளத்தைத் தொட்டாலும் அங்கே தங்காது.

சுருளைச் சோதிப்பது எளிது. ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். நான்கு ஓம் சுருள் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் காட்டினால் நலம். மீட்டரைப் பார்த்தபடியே கூம்பை இரு கைகளாலும் மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். எண் துள்ளினால், கூம்பு அசையும்போது உள்ளே எங்கோ கம்பி அறுந்தோ உரசியோ போகிறது. அப்படியே, ஸ்பீக்கர் ஒயர் ஒவ்வொன்றுக்கும் கார் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருக்கவே கூடாது. சீட்டுக்கு அடியில் நசுங்கிய ஒயரின் ஓர் இழை தகட்டைத் தொட்டாலே போதும், குழியில் கார் குதிக்கும்போதெல்லாம் ஆம்ப் நிற்கும்.

மூன்றாவது எல்லை வெப்பம். உள்ளே போன 1250 வாட்டில் 1000 ஒலிக்குப் போனால் மீதி 250 வாட் ஆம்ப்பின் உடலைச் சுடவைக்கும். பழைய 'ஏபி' வகை ஆம்ப் என்றால் இன்னும் அதிகம். இசை இடைவிடாமல் உச்சத்தில் இருப்பதில்லை என்பதால் சராசரி குறையும். ஆனாலும் வெப்பம் கணிசமானதே. அலுமினியத் தகடு அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றுக்குத்தான் கொடுக்க முடியும். சுற்றியுள்ள காற்றைவிட எத்தனை டிகிரி சூடாகிறது என்பதே அதன் கணக்கு. 25 டிகிரி அறையில் 40 டிகிரி கூடினால் 65, ஆம்ப் கவலைப்படாது. வெயிலில் நாள் முழுக்க நின்ற காரின் மூடிய பின்பெட்டியில் காற்றே 50-ஐத் தாண்டியிருக்கும். அங்கே அதே 40 கூடினால் 90. காப்புச் சுற்று அணைத்துவிடும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட பொருத்தும் முறைகள், பகலில் 32 டிகிரி தொடும் நம் ஊருக்கு அப்படியே பொருந்துவதில்லை. கம்பளத்துக்கு அடியில் ஆம்ப்பை மறைத்துவைப்பது அழகாக இருக்கலாம். அதன் மூச்சை அடைக்கிறது. தகட்டைச் சுற்றிக் குறைந்தது நான்கு விரல் இடம் விடுங்கள். சப்வூஃபர் பெட்டியின் மேலேயே திருகி வைக்காதீர்கள். அதிர்வில் சாலிடர் இணைப்புகள் நாளடைவில் விரிசல் விடும்.

கெயின் திருகைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் மேலே சொன்ன மூன்று தொல்லைகளையும் அது ஒரே நேரத்தில் பெருக்குகிறது. கெயின் என்பது ஒலியைக் கூட்டும் பொத்தான் என்றே பலரும் நினைக்கிறார்கள். பிளேயர் அனுப்பும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பை ஒத்துப்போகச் செய்வது மட்டுமே அதன் வேலை. எல்லை மீறித் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகும். முழுக்கச் சதுரமாகிப்போன அலை, அதே உயரமுள்ள ஒழுங்கான அலையைவிட இரு மடங்கு ஆற்றலைத் தாங்கி வரும். பாஸ் பூஸ்ட்டில் 6 டெசிபெல் ஏற்றினால் அதுவே நான்கு மடங்கு. சரியான அளவைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு: வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். 500 வாட், இரண்டு ஓம் என்றால் 31.6 வோல்ட். சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, பூஸ்ட்டை அணைத்துவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட்டி, ஆம்ப்பின் வெளியீட்டில் மீட்டரின் ஏசி அளவு அந்த எண்ணைத் தொடும் இடத்தில் கெயினை நிறுத்திவிடுங்கள்.

ரிமோட் ஒயரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பிளேயரிலிருந்து வரும் அந்த மெல்லிய ஒயரில் 12 வோல்ட் இருந்தால்தான் ஆம்ப் விழித்திருக்கும். அதன் இணைப்பு தளர்ந்தால் சிவப்பு விளக்கு எரியாது. எல்லா விளக்கும் அணைந்துவிடும். இந்த ஓர் அடையாளமே போதும்.

அடையாளங்களை நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. இடிக்கும் கணத்திலேயே நின்றால் மின்சாரம் அல்லது ஓம். அரை மணி நேரம் ஓடிய பிறகு நின்று, ஆறிய பின்னரே எழுந்தால் வெப்பம். குழியில் நின்றால் தளர்ந்த ஒயர்.

மின்சாரத்தைச் சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. இசை ஓடும்போது மல்டிமீட்டரை வைத்தால் அது சராசரியைத்தான் காட்டும்; கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்து எழும் வோல்ட்டை அது தவறவிடும். மீட்டரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்துவைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சோதனை ஒலியைச் சில வினாடிகள் மட்டும் ஓட்டிப் பாருங்கள்; நீட்டினால் சுருள் வெந்துவிடும். முதலில் ஆம்ப்பின் முனைகளில் வோல்ட் பார்க்க வேண்டும். பிறகு மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை ஆம்ப்பின் கிரவுண்டு முனையிலும் வைத்து, அதே ஒலியில் பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கிரவுண்டு நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். நேர்முனைகளுக்கு இடையேயும் இதே போலப் பாருங்கள். இடையில் உள்ள பியூஸ் பெட்டியையும் தொட்டுப் பாருங்கள். அது சுட்டால் அங்கேயும் இழப்பு இருக்கிறது. அந்த பியூஸ் பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளி இருந்தால், பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவே ஒயர் உரசித் தீப்பிடித்தால் தடுக்க எதுவும் இல்லை.

அடுத்த முறை பட்டறைக்குப் போனால், புதிய ஆம்ப்பின் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: 'அண்ணே, பாட்டு ஓடும்போது ஆம்ப் முனையில எத்தனை வோல்ட் நிக்குதுன்னு ஒரு தடவை மீட்டர் வெச்சுக் காட்டுங்க.' ஸ்பீக்கர் ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகும், முனையில் 13 வோல்ட் திடமாக நிற்கும்போதும், உடம்பு ஆறியிருக்கும்போதும் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தால், அப்போது ஆம்ப் கெட்டுவிட்டது. அதற்கு முன் மாற்றாதீர்கள்.